பக்கத்தில் நின்றவர்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகும் சாலையில் ஊரூட்டம்பலம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளியில் பாதி கருகிய மரப் பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1910இல் ஒடுக்கப்பட்ட புலையர் சாதியின் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற எட்டு வயதுப் புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து இந்தப் பள்ளியில்தான் உட்காரவைத்தார். தலைமை ஆசிரியர் சேர்க்க மறுத்தார். அய்யங்காளி கையோடு கொண்டுவந்திருந்த அரசு உத்தரவைக் காட்டினார். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்ததும் மற்ற பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். அன்றிரவே பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த கலவரத்தில் அக்கம்பக்கத்துப் புலையர் குடிசைகள் தாக்கப்பட்டன. 2022இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

சாதிக் கொடுமையின் வரலாறாகத்தான் இதை எல்லோரும் படித்திருக்கிறோம். அப்படிப் படிப்பது சரியே. ஆனாலும் அந்த நாளை எட்டு வயதுக் குழந்தையின் கண்ணால் ஒரு முறை பார்க்கவேண்டும். அவள் உட்கார்ந்த காரணத்துக்காக ஒரு கட்டடம் எரிந்தது. அவளைச் சேர்ந்தவர்கள் அடிபட்டார்கள். மறுநாள் காலை அவளுக்கு எப்படி விடிந்திருக்கும்? இன்னொரு வகுப்பறை வாசலில் அவள் பயமில்லாமல் கால்வைக்க என்னென்ன தேவைப்பட்டிருக்கும்? அப்படிக் கேட்கும் பழக்கம் அந்தக் காலத்தில் உலகத்தில் எங்குமே வேர்விட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி திருவனந்தபுரத்தில் எப்போது எழுந்தது, நகரம் அதற்கு என்ன வழி கண்டது, எந்த இடத்தில் இன்னமும் கையை விரிக்கிறது என்பதெல்லாம் நூறாண்டுக்கு மேற்பட்ட கதை.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெருமைப்பட நியாயம் உண்டு. குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் அறிவித்தது 1817இல். ஆனால் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் புலையர், பறையர் பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியிலேதான் நின்றார்கள். 1907இல் திவானாக வந்த தமிழர் பி. ராஜகோபாலாச்சாரியின் காலத்தில் அவர்களைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு பிறந்தது. கீழே இருந்த அதிகாரிகள் அதை வெளியில் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நாடு கடத்தப்பட்டவர் என்று இன்றும் கொண்டாடப்படும் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளைகூட, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைப்பதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதோடு ஒப்பிட்டு எழுதினார். படித்தவர்களின் மனநிலையே இப்படி இருந்த ஊரில்தான் ஒரு குழந்தை பெஞ்சில் போய் உட்காரவேண்டியிருந்தது.

அய்யங்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விழிஞ்ஞத்தை ஒட்டிய வெங்கானூரில் 1863இல் பிறந்தவர். 1900களின் தொடக்கத்தில் சொந்த ஊரிலேயே ஓலைக்கூரை போட்டு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதைக் கொளுத்தினார்கள். மறுபடி கட்டினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று 1907இல் வேலைநிறுத்தம் தொடங்கினார். கூலி கேட்டு நடந்த போராட்டங்கள் உலகத்தில் ஏராளம். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டு விவசாயக் கூலிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தது அரிது. அந்த நாட்களில் விழிஞ்ஞத்து மீனவர்கள் வீட்டுக்கு ஒருவரைத் தங்கள் படகில் சேர்த்துக்கொண்டார்கள். கடலில் கிடைத்த மீன்தான் வயல்காட்டுக் குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது.

பின்னர் அரசின் ஒப்புதலோடு வெங்கானூரில் பள்ளி தொடங்கியபோது பாடம் சொல்லித்தர யாரும் முன்வரவில்லை. கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை என்ற ஆசிரியர் ஒப்புக்கொண்டார். முதல் நாளே கூச்சலும் கலாட்டாவும். அவரைப் பள்ளிக்குக் கூட்டிவரவும் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடவும் அய்யங்காளியின் ஆட்கள் காவலாக நடந்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மிரட்டலுக்கு நடுவே வளர்ந்த குழந்தை படிக்கவேண்டுமானால், அதன் கையைப் பிடித்துக்கொள்ள அதற்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். வீட்டில் சோறு வேண்டும். ஆசிரியருக்குப் பயம் இருக்கக்கூடாது. உத்தரவு காகிதமாக மட்டும் இல்லாமல் பள்ளி வாசல்வரை வந்து பேசவேண்டும். இன்று மனநல நிபுணர்கள் வகுத்துத்தரும் ஆதரவுத் திட்டத்தின் அடிப்படைகள் இவைதான். பெயர் தெரியாமலேயே அதைச் செய்து காட்டிய அய்யங்காளி, 1911 டிசம்பரில் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட பிறகும், பிள்ளைகளின் சேர்க்கையையும் கட்டணச் சலுகையையும் பற்றியே சபையில் திரும்பத் திரும்பப் பேசினார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஆதரவு என்பது அடைக்கலமாக மாறியது. கல்வித் துறையில் ஆய்வாளராக இருந்த கே. சின்னம்மா 1918இல் பூஜப்புரையில் ஹிந்து மகிளா மந்திரம் என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஆதரவில்லாத பெண்களும் சிறுமிகளும் அங்கே தங்கிப் படித்தார்கள். நல்ல காரியம். இருந்தும் அந்தக் காலத்து இல்லங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான்: தலைக்கு மேல் கூரை, மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடம். அவை கிடைத்துவிட்டால் குழந்தை சரியாகிவிடும். இரவில் அலறி எழும் குழந்தையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடும் குழந்தையை என்ன செய்வது என்று அந்தக் கணக்கில் வரி கிடையாது.

மனத்துக்கு வைத்தியம் என்று போனால் நகரத்தில் இருந்தது ஊளம்பாறை. 1870இல் தொடங்கிய மனநோய் மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படியோ, திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை அப்படி, ஊர்ப்பெயரே ஏச்சுச்சொல்லாகிவிட்டது. பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னால் தாய்மார்களுக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் தெரிந்தால் என்ன ஆகும், நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. குழந்தைக்கு உதவி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடைக்கவேண்டும் என்று சொல்வதற்கு இந்தப் பயத்தைவிட வலுவான காரணம் வேறு இல்லை.

குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் நம்பியது. அந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் உடைந்தது. ஒன்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்து லண்டன். 1941இல் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டு விழும் நகரத்தில் தாயோடு இருந்த குழந்தைகளைவிடப் பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரித்துத் தொலைவில் அனுப்பப்பட்ட குழந்தைகளே அதிகம் துவண்டுபோவதைக் கண்டார்கள். இன்னொன்று, கலிஃபோர்னியாவின் சௌசில்லா. 1976 ஜூலையில் ஒரு பள்ளிப் பேருந்தையே கடத்தி, 26 குழந்தைகளை ஓட்டுநரோடு மண்ணுக்கடியில் புதைத்த லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அடிபட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை, ஊர் நிம்மதியானது. ஆனால் மனநல மருத்துவர் லெனோர் டெர் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது ஒருவர்கூடத் தப்பவில்லை என்று தெரிந்தது. விளையாட்டில் அதே கடத்தலைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். கனவு, பயம், எதிர்காலமே இல்லை என்ற எண்ணம் எல்லாம் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கலிஃபோர்னியா வரை போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஷெல் வீச்சுக்கு நடுவே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனத்தில் பதித்த வடுக்களைப் பற்றி விரிவாக எழுதியவர். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த மண்ணில் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, மாணவர்களுக்குத் துணையாக நிறுத்தும் வழி அங்கே வளர்ந்தது. மட்டக்களப்பில் 1996இல் பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். சுற்றியுள்ள பள்ளிகளிலிருந்து தமிழ், முஸ்லிம் குழந்தைகளை வாரம் ஒரு நாள் பேருந்தில் கூட்டிவந்தார்கள். மண்ணில், வண்ணத்தில், கதையில், கூத்தில் மாதக்கணக்கில் அவர்கள் விளையாடினார்கள். என்ன நடந்தது என்று யாரும் தோண்டிக் கேட்கவில்லை. பேச வாய் வராத குழந்தைக்குக் கையில் களிமண் கொடுத்தால் அது தன் கதையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் நடந்த இடம் அது. திருவனந்தபுரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே இருப்பது சிறு கடல்தான். அந்த அனுபவம் இங்கே இன்னும் நிறையப் படிக்கப்பட்டிருக்கவேண்டும்.

திருவனந்தபுரத்தில் அறிவியல் வழி குழந்தைகளை நெருங்கிய பெரிய நிறுவனம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் டாக்டர் எம்.கே.சி. நாயர் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம். பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை குழந்தையின் வளர்ச்சி தாமதப்படுகிறதா என்று அங்கன்வாடி ஊழியர்கூடக் கண்டுபிடிக்கும்படி இந்த நகரத்தின் பெயரிலேயே ஓர் எளிய அட்டவணையை அந்த மையம் உருவாக்கியது. நடக்காத குழந்தையையும் பேசாத குழந்தையையும் கண்டுபிடிக்க வழி பிறந்தது. நடந்தும் பேசியும் உள்ளுக்குள் உடைந்துபோன குழந்தையைக் கண்டுபிடிக்கும் வேலை பாக்கி இருந்தது.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதன் நீட்சியான மாவட்ட மனநலத் திட்டம் 1999இல் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது மனநல மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையம் தேடிப் போகத் தொடங்கினார். ஊளம்பாறை மதிலுக்கு வெளியே வைத்தியம் வந்தது பெரிய மாற்றம்.

பள்ளிக்குள் ஆலோசகர் வந்தது 2000களின் பிற்பகுதியில். சமூகநலத் துறை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளில் உளவியல், சமூகப்பணி படித்த பெண்களை நியமித்தது. வளரிளம் பெண்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டம் அது. ஒப்பந்த வேலை, மதிப்பூதியம். தனி அறை கிடைத்தாலே பாக்கியம் என்ற நிலை. ஆனாலும் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்தார்கள். 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்த பிறகு, கேரளத்தில் வெளிச்சத்துக்கு வந்த எத்தனையோ பாலியல் வன்முறை வழக்குகளின் முதல் வார்த்தை பள்ளி ஆலோசகரிடம்தான் சொல்லப்பட்டது. மாதம் முடிந்தால் சம்பளம் வருமா என்று தெரியாத ஒரு ஊழியரிடம் ஒரு குழந்தை தன் வாழ்க்கையின் மிகக் கனமான இரகசியத்தை இறக்கிவைத்தது. அந்த ஊழியர்களுக்கு இந்தச் சமூகம் பட்ட கடன் பெரிது.

அதற்குப் பிறகு என்ன? புகார் கொடுத்தாயிற்று, போலீஸ் வந்தாயிற்று, குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாயிற்று. வழக்கு இழுக்கும். அந்த நாட்களில் குழந்தை மறுபடி வகுப்புக்குப் போகவேண்டும். சட்டப்படி பெயர் வெளியே தெரியக்கூடாது. ஆனால் ஊருக்குத் தெரியாமல் போவதில்லை. குழந்தைக்குத் துணைநபர் ஒருவரை நியமிக்கப் போக்சோ விதிகள் இடம் தருகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு, சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களுக்காகக் கேரளம் உருவாக்கிய காவல் திட்டமும், முதலில் திருவனந்தபுரம், பாலக்காடு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்த காவல் பிளஸ் திட்டமும் வழக்கு எண்ணைத் தாண்டிக் குழந்தையின் வீட்டையும் பள்ளியையும் பார்க்க முயன்றவை.

காயம் மனிதர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. நகரத்தின் மேற்கு ஓரம் முழுக்கக் கடல். 2017 நவம்பர் 29 இரவும் 30 காலையும் அடித்த ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் கரைகளையும், தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் தொடங்கும் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் ஊர்களையும் ஒரே வீச்சில் அனாதையாக்கியது. 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. இன்றும் கொடுக்கல் வாங்கலும் கல்யாணமும் இரு பக்கமும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. அந்தப் புயலில் கேரளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். பெரும்பாலோர் திருவனந்தபுரம் மாவட்டத்தினர்.

காணாமல்போனவர்களின் பிள்ளைகள் நிலைமைதான் மிகக் கொடியது. உடல் வரவில்லை. மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழு ஆண்டு காத்திருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற சட்ட வழக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் கேரள அரசு 20 லட்ச ரூபாய் வழங்கியது. 318 குழந்தைகளின் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் 13.92 கோடி ரூபாய் ஒதுக்கியது. இரண்டும் பாராட்டப்படவேண்டிய முடிவுகள். ஆனால் ஏழு வயதுப் பையன், அப்பா எங்கோ ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார், ஒரு நாள் வருவார் என்று நம்பிக்கொண்டு வகுப்பில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் ஒதுக்குவது? ஊர் திருப்பலி வைத்து அழுதது. பள்ளிக்கூடமோ கிறிஸ்துமஸ் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது.

வலியதுறையில் இன்னொரு வகை. கடலரிப்பில் வீடு போன குடும்பங்கள் பள்ளிக் கட்டடத்திலும் சிமெண்ட் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வகுப்பறையே வீடான குழந்தைக்குப் பள்ளி விட்டுப் போக வேறு இடமில்லை. ஒரே நாளில் எல்லாம் இழந்த குழந்தையைவிட, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும் குழந்தை வெளியே தெரிவதில்லை.

இப்படிப்பட்ட குழந்தை வகுப்பில் என்ன செய்யும்? ஆபத்து முடிந்துவிட்டது என்பதை அதன் உடம்பு நம்புவதில்லை. கதவு படாரென்று சாத்தினால் துள்ளும். பக்கத்துப் பையன் முதுகைத் தொட்டால் அடித்துவிடும். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று நினைவில் இருக்காது. படுக்கையை நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கும். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும். சில குழந்தைகள் இதில் எதையுமே செய்யாமல் மிக ஒழுங்காக, மிக அமைதியாக இருக்கும். அவர்களைத்தான் பள்ளி கடைசியில் கவனிக்கிறது. விஷயம் தெரியாத ஆசிரியருக்கு முதல் வகை அடங்காப்பிடாரி, இரண்டாம் வகை நல்ல பிள்ளை.

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள் பிரவேசனோத்சவம். தோரணம், பலூன், செண்டை, பாட்டு, இனிப்பு. முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு நடுவே வரவேற்கும் அழகான வழக்கம். அதே வாரத்தில்தான் தென்மேற்குப் பருவமழையும் இறங்கும். 2018 வெள்ளத்தில் கூரைமேல் இரவைக் கழித்த குழந்தைக்கோ, வீட்டுச் சண்டையில் பாத்திரம் பறப்பதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கோ செண்டைச் சத்தமும் இடியும் ஒரே காலையில் வந்தால் தாங்காது. அந்தக் குழந்தையை விழாவுக்கு முந்திய நாளே தாயோடு வரச்சொல்லி, காலி வகுப்பைக் காட்டி, உட்காரப்போகும் இடத்தைக் காட்டி, கழிப்பறை எங்கே என்று காட்டி, டீச்சரின் முகத்தைப் பழக்கிவிட்டால் பாதிப் பயம் குறைந்துவிடும். ஒரு பைசா செலவில்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது வேறொரு உண்மை வெளிவந்தது. மார்ச் 25க்குப் பிறகு ஏறத்தாழ மூன்றரை மாதங்களில் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் ஜூலையில் அறிவித்தார். மாநிலம் அதிர்ந்தது. காவல்துறை, மாணவர் காவல் படையின் வழியாகச் ‘சிரி’ என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. ‘ஒற்றய்க்கல்ல, ஒப்பமுண்டு’ (தனியாக இல்லை, கூடவே இருக்கிறோம்) திட்டத்தில் பள்ளி ஆலோசகர்கள் பிள்ளைகளை வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். பள்ளிக்கூடம் பாடம் நடத்தும் இடம் மட்டும் என்று நினைத்தவர்களுக்கு, நிறையப் பிள்ளைகளுக்கு அதுவே நாளில் ஒரே பத்திரமான இடமாக இருந்தது என்று அந்த மாதங்கள் புரியவைத்தன.

இத்தனை ஆண்டுப் பாடமும் ஒன்றுசேர்ந்து தெரிந்தது 2024இல், வயநாட்டில். ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவு முண்டக்கையையும் சூரல்மலையையும் துடைத்தெடுத்தது. முண்டக்கை எல்.பி. (தொடக்கப்) பள்ளியும் வெள்ளார்மலை அரசுப் பள்ளியும் நடத்த முடியாத நிலைக்குப் போயின. பிழைத்த பிள்ளைகளை அங்குமிங்கும் உள்ள பள்ளிகளில் பிரித்துச் சேர்த்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிதான வழி. திருவனந்தபுரத்திலிருந்த கல்வித் துறை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு பள்ளிகளையும் மேப்பாடியில் முழுசாக மறுபடி தொடங்கியது. செப்டம்பர் 2 அன்று மறுபிரவேச விழா நடந்தது. நேமம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் கல்வி அமைச்சருமான வி. சிவன்குட்டி நேரில் போனார். அதே வகுப்புத் தோழர்கள், அதே ஆசிரியர்கள், அதே பள்ளிப் பெயர். இடம் மட்டும் வேறு. ஹாம்ஸ்டெட்டில் 1941இல் கண்டது அங்கே கொள்கையாக மாறியது: தெரிந்த முகங்களிலிருந்து குழந்தையைப் பிரிக்காதே.

ஆனால் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே நாளில் நேர்ந்த துயரத்தைப் பார்த்த கண்ணுக்கு, தனியொரு வீட்டில் தனியொரு குழந்தைக்கு நேர்வது தெரிவதில்லை. குறை இங்கேதான் இருக்கிறது. கேரளத்தில் பள்ளி ஆலோசகர்கள் ஆயிரத்துக்குச் சற்று அதிகம். அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் பதினோராயிரத்துக்கு மேல். இருக்கிற ஆலோசகர்களும் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளில். ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை உள்ள எல்.பி. பள்ளிக் குழந்தைக்கு வகுப்பு டீச்சர் ஒருவரே எல்லாம். பஞ்சமியின் வயதுக் குழந்தைக்குத் துணை வருவது கடைசியில்.

சட்டம் இன்னொரு இடைவெளியையும் விட்டுவைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அந்தச் சான்றிதழ் உள்ள குழந்தைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வருவார். தேர்வில் சலுகை உண்டு. மனக்காயம் பட்ட சிறு குழந்தைக்கு இந்தப் பட்டியலில் தனி இடமில்லை. இருக்கும் ஒரே வாசலான மனநோய் என்ற முத்திரையைத் தன் ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்க எந்தத் தாய் போவாள்? சான்றிதழ் இல்லாமலே உதவி செய்யும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு இருக்கவேண்டும். தேவைப்படுவது பெரிய ஏற்பாடு இல்லை: தினமும் காலையில் வாசலில் காத்திருக்கும் ஒரே முகம், கதவு கண்ணில் படும்படி ஓர் இடம், மனம் கலங்கினால் கேட்காமலே எழுந்துபோய் உட்கார ஒரு மூலை, மணி அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை, நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தாமை. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, குழந்தை வகுப்பு மாறும்போது அடுத்த டீச்சர் கையில் கொடுத்தால் போதும். காரணம் எழுதவேண்டியதில்லை, தேவை மட்டும் எழுதினால் குழந்தையின் மானமும் காக்கப்படும்.

இப்படி ஒரு குழந்தையை வளர்ப்பவர்கள், தாயோ பாட்டியோ வளர்ப்புப் பெற்றோரோ, தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. பள்ளி கேட்கவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. திருவனந்தபுரத்திலேயே மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். ஜூன் கூட்டத்தில் போய் நிற்காமல் மே மாதத்திலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினால் நிதானமாகக் கேட்பார்கள்.

அரசிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான். நான்கைந்து எல்.பி. பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர் என்றாவது, ஒப்பந்தமாக இல்லாமல் நிரந்தரப் பணியிடமாக நியமிக்கவேண்டும். கடலோர வார்டுகளிலிருந்து அதைத் தொடங்கவேண்டும்.